மரத்துப் போகிறதா

ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, மறுபடி ஐந்து, மறுபடி நான்கு. கட்டைவிரலுக்கு இதைத் தவிர வேறு வேலை கிடையாது. மற்ற விரல்கள் கீழே மெல்லிய கம்பிகளில் பாட்டை எடுக்கும்போது இது மேலே தடித்த கம்பிகளில் சீராக நடந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான், அதைக்கூடச் செய்யாமல் இப்போது நான்காம் கம்பியைத் தொடாமலே காற்றில் ஒரு வீச்சு வீசிவிட்டுத் திரும்பியிருக்கிறது. தவறிய அந்த ஓர் அடி அறைக்குள் தனியாக நிற்கிறது. விழுந்திருந்தால் மற்றதோடு சேர்ந்து போயிருக்கும், விழாததால்தான் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. நான் வாசிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் விரலுக்கு நான் பயந்தது தெரிந்துவிடும் என்பதுபோல இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினேன், பிறகு நிறுத்திவிட்டேன். மனைவி வசுமதி தையற்கடைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் மின்விசிறியும் நானும்தான். பொன்மலைப் பக்கம் ஏதோ ஒரு ரயில் எஞ்சின் பெட்டிகளைக் கோத்துக் கோத்து விடுகிறது, அந்த இடி சுவர் வழியாக வந்து கிதாரின் வயிற்றில் லேசாக அதிர்கிறது. சனிக்கிழமை மத்தியானம். வெயில் ஜன்னல் திரையின் ஓரத்தில் ஒரு கோடாக இறங்கிக் கட்டில் கால்வரை வந்துவிட்டது. கட்டைவிரலைத் தூக்கிப் பார்க்கிறேன். மோதிரம் போல மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, அதன் பக்கவாட்டில் நகம் மாதிரி ஒரு நீட்டல், அதுதான் கம்பியைத் தட்டுகிறது. தம்ப் பிக் என்கிறாள் கிதார் சொல்லித் தரும் ஷெரில். பட்டைக்கு மேலே விரல் நுனி கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. ஆள்காட்டி விரலால் அதைத் தொடுகிறேன். தொடுவது தெரிகிறது, தொடப்படுவது தெரியவில்லை. வேறு யாருடைய விரலையோ தொட்டதுபோல இருக்கிறது. அப்பாடா, என்கிறேன். வாய்விட்டே சொல்லிவிட்டேனா? மரத்துத்தான் போயிருக்கிறது. மரத்துப்போனதால்தான் அடி தவறியது. அதனால்தான். அதனால் மட்டும்தான்.

இப்படி ஒரு மனிதன் தன் விரல் மரத்துப்போவதில் சந்தோஷப்படுவானா என்று கேட்டால், அண்ணனோடு அந்த டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்காத ஆளுக்கு என்னால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அண்ணனுக்குக் கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. ஸ்கூட்டர் சாவி திரும்பவில்லை. சாவி தேய்ந்துவிட்டது என்று புதுச் சாவி செய்தார். அதுவும் திரும்பவில்லை. வண்டியின் பூட்டையே மாற்றினார். கல்லூரியில் முப்பது வருஷத்துக்குப் பக்கம் பொருளாதாரம் நடத்திய மனிதர், கரும்பலகையில் சாக்பீஸ் கீழே விழுந்துகொண்டே இருக்கிறது என்று சாக்பீஸ் கம்பெனியைத் திட்டினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து திட்டினோம். கடைசியில் சட்டைப் பொத்தான். பொத்தானுக்கு யாரைத் திட்டுவது? நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயது, நல்ல மாதிரி, கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், ஒரு தாளை அண்ணனின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கெட்டியாப் பிடிச்சுக்குங்க சார், விடாதீங்க, என்று சொல்லி இழுத்தார். தாள் சும்மா வந்தது. பட்டுத்துணி கொடியிலிருந்து நழுவுவது மாதிரி சத்தமே இல்லாமல் வந்தது. அண்ணன், நீங்க சொல்றதுக்கு முன்னாடியே இழுத்துட்டீங்க டாக்டர், என்று சிரித்தார். பிறகுதான் அந்தக் கேள்வி. மரத்துப் போகுதா? எறும்பு ஊர்ற மாதிரி, ஊசி குத்துற மாதிரி ஏதாவது? இல்லவே இல்லை என்றார் அண்ணன், பரீட்சையில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்ன பையன் மாதிரி. நான்கூட அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன் என்று நினைவு. மரத்துப் போகவில்லை, உணர்ச்சி எல்லாம் நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, நரம்புக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். டாக்டர் முகம் எங்களோடு சேர்ந்து சந்தோஷப்படவில்லை. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மூடினார். அப்புறம்தான் தெரிந்தது, மரத்துப்போயிருந்தால்தான் நல்லது. அது வேறு வியாதி, வைத்தியம் உள்ள வியாதி. உணர்ச்சி முழுசாக இருக்க பலம் மட்டும் போவதுதான் இது. கைக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் முடியாது. விரலிலிருந்து கைக்கு, கையிலிருந்து தோளுக்கு, பிறகு இன்னொரு பக்கம், பிறகு நாக்கு. போன பங்குனியில் எல்லாம் முடிந்தது. எல்லாம் முடிவதற்கு வெகுகாலம் முன்னால், அன்றைக்கே, அண்ணனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். என்ன கேட்டேன்? அண்ணன் பிழைப்பாரா என்றா? இல்லை. டாக்டர், இது குடும்பத்துல வருமா? அதைத்தான் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார், பெரும்பாலும் வராது.

பெரும்பாலும். இந்த வார்த்தையை நான் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். காலையில் எழுந்ததும் நல்ல வார்த்தையாக இருக்கும். பெரும்பாலும் மழை வராது என்றால் குடை எடுக்காமல் போகிறோம், அப்படி. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அது வேறு முகம் காட்டும். பெரும்பாலும் என்றால் சிறுபான்மை ஒன்று இருக்கிறது, அது எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கிறது, அந்த வீட்டில் ஒருவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பரிசோதனை செய்துகொள்ளலாம், ரத்தம் எடுத்து அனுப்பினால் சொல்லிவிடுவார்கள் என்று தெரியும். அதைச் செய்யாமல் நான் கிதார் வாங்கினேன். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஆபீசில், என்ன சார் இந்த வயசுல, கச்சேரியா, கல்யாணப் பார்ட்டியா, என்றார்கள். வசுமதி, ரிட்டயர் ஆனப்புறம் பைத்தியம் பிடிக்கும்னு நெனச்சேன், முன்கூட்டியே வந்துடுச்சு, என்றாள். எல்லோரும் நான் ஏதோ ஆசைப்பட்டு வாங்கினேன் என்று நினைத்தார்கள், அண்ணன் போன துக்கத்துக்கு ஒரு மாற்று என்று நினைத்து விட்டுவிட்டார்கள். எனக்குச் சங்கீதத்தில் ஒரு ஆசையும் கிடையாது. கட்டைவிரலுக்குத் தினமும் வேலை தரும் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. தினமும் அது ஆஜர் சொல்ல வேண்டும். வாத்தியக் கடையில் ஒரு பையன் கிதாரை மடியில் வைத்து, கட்டைவிரலில் பட்டை மாட்டி, டும் டும் டும் டும் என்று ஒரே சீராக வாசித்துக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தேன். விரல்கள் என்னவோ பாட்டு வாசித்தன, நான் அதைக் கேட்கவே இல்லை. அந்தக் கட்டைவிரலை மட்டும் பார்த்தேன். இந்த விரலுக்கு இன்றைக்கு ஒன்றுமில்லை, நாளைக்கும் ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. அன்றே வாங்கிவிட்டேன்.

கட்டைவிரல்களோடு எனக்கு இது புதுப் பழக்கம் இல்லை. பத்திரப் பதிவு ஆபீசில் என் வேலையே அதுதான், வருகிறவர்களின் விரலைப் பிடித்து ரேகை எடுப்பது. இப்போது எந்திரம் வந்துவிட்டது, கண்ணாடித் தட்டில் விரலை வைத்தால் போதும், ஆனாலும் மைப்பெட்டி போகவில்லை. வயல்வேலை செய்த விரல்களை எந்திரம் படிக்காது, துடைத்துத் துடைத்து வைப்பார்கள், அழுத்துங்கம்மா, மெதுவா, அவ்வளவு அழுத்தாதீங்க. நான் கையைப் பிடித்துவிடுவேன். பிடித்தவுடனே தெரிந்துவிடும், இந்த ஆள் சந்தோஷமாக எழுதிக் கொடுக்கிறாரா, பிள்ளைகள் கூட்டிவந்து எழுத வைக்கிறார்களா என்று. மனசில்லாதவர்களின் விரல் விறைத்துக்கொள்ளும். அண்ணன் வீட்டை அண்ணி பேருக்கு எழுதிவைக்க வந்த அன்று கையெழுத்து போட முடியவில்லை. பேனா விரல்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டது. கையெழுத்துக்குப் பதிலாக ரேகைதான் வைக்க வேண்டும், வேறு யாரோ எடுக்க வந்தார்கள், நானே எடுக்கிறேன் என்றேன். அண்ணனின் விரல் விறைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அதன் எடை முழுவதும் என் கையில் இருந்தது. மையில் உருட்டித் தாளில் உருட்டினேன். அப்போது பேச்சு இன்னும் கொஞ்சம் இருந்தது. குழறிக் குழறி, டேய் மூர்த்தி, எம்.ஏ. படிச்சவனைக் கைநாட்டு ஆக்கிட்டியேடா, என்றார். ஆபீசே சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். நான் சோப்பும் துணியும் கொண்டுவந்து அவர் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், போதும்டா, தோலை உரிச்சுடாத, அதுல உணர்ச்சி இருக்கு, என்றார். உணர்ச்சி இருக்கு. அவர் சொன்னது வெறும் விளையாட்டுப் பேச்சுதான். அதை நான் ஏன் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன்? ராத்திரி தூக்கத்தில்கூட அந்த எடை என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண் விழித்து என் கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி போடுகிறேன். முதல் தடவை ஆபீசுக்கு. இரண்டாம் தடவை எனக்கு.

ஷெரிலுக்கு இதெல்லாம் தெரியாது. பொன்மலையில் ஒரு பேக்கரிக்கு மேலே அவள் அறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பன் வேகும் வாசனைக்கு நடுவில்தான் பாடம். என் மகள் வயது இருப்பாள், அதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம், வங்கியில் வேலை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். முதல் நாளே சொல்லிவிட்டாள், அங்கிள், தம்ப்னா அது யானை. மத்த விரல் மூணும் அது மேல ஏறி உக்காந்திருக்கிற குரங்கு. குரங்கு தாவலாம், தொங்கலாம், பல்லைக் காட்டலாம், என்ன சேட்டை வேணா பண்ணலாம். யானை திரும்பிப் பாக்கக் கூடாது. அது பாட்டுக்கு நடக்கணும். நீங்களும் அதைத் திரும்பிப் பாக்கக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. நான் வந்ததே அதைப் பார்க்கத்தானே. வாரா வாரம் இதே சண்டைதான். மேல பாருங்க அங்கிள், என்னைப் பாருங்க, அந்தக் காலண்டரைப் பாருங்க, கையைப் பாக்காதீங்க. கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீங்க ஆபீஸ்ல அட்டெண்டர் மேல நம்பிக்கை இல்லாத ஹெட்கிளார்க்கா, பின்னாடியே போய் ஃபைலை வெச்சியா வெச்சியான்னு கேப்பீங்களா, என்றாள். பார்க்கப் பார்க்க அது தடுமாறுகிறது, தடுமாறத் தடுமாற நான் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கிறேன். மழை நாட்களில் ஒருநாள், நன்றாக நினைவிருக்கிறது, பட்டை வியர்வையில் நழுவுகிறது என்று நான் அதை விரலின் அடிவரை தள்ளி இறுக்கி மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிட்டது. அடி தவறியது, ஆனால் மரத்துப்போயிருந்தது. எனக்குள் என்னவோ ஒன்று அவிழ்ந்தது. டாக்டர் கேட்ட கேள்விக்கு, ஆமாம் டாக்டர், மரத்துப் போகுது, எறும்பு ஊருது, என்று நான் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து பட்டை அங்கேதான் இருக்கிறது. நான் முட்டாள் இல்லை. பட்டை இறுக்குவதால்தான் மரக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கையாலேயே ஒரு சாட்சியைத் தயார் செய்து, என் கோர்ட்டிலேயே ஏற்றி, நானே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறேன் என்று தெரியும். தெரிந்தும் மறுநாள் அதே சாட்சியைக் கூப்பிடுகிறேன். அடி தவறினால் மரத்துப்போனதால், மரத்துப்போனதால் அந்த வியாதி இல்லை. எவ்வளவு அழகாக உட்கார்ந்துகொள்கிறது.

போன ஞாயிறு ஷெரில் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஐயோ அங்கிள், என்னது இது, செத்த விரல் மாதிரி இருக்கு. கலர் பாருங்க. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாரி, கொஞ்சம் ஓவரா சொல்லிட்டேன், என்றாள். பட்டை ரொம்ப டைட் அங்கிள். கொதிக்கிற தண்ணில ஒரு பத்து எண்ணுற வரைக்கும் போட்டு எடுங்க, பிளாஸ்டிக் குழைஞ்சு வரும், கொஞ்சம் விரிச்சு, அப்படியே பச்சைத் தண்ணில முக்குங்க, அந்த அளவுலயே நின்னுடும். எல்லாரும் முதல்ல செய்யறது அதுதான். யாரோட விரலும் கடையில விக்கிற அளவுல இருக்காது. குடுங்க, கீழ பேக்கரியில சுடுதண்ணி இருக்கும், நானே செஞ்சு தர்றேன். வேண்டாம், வீட்டில் செய்துகொள்கிறேன் என்றேன். நிச்சயமா? நிச்சயம். அடுத்த வாரம் பாப்பேன், இதே கலர்ல வந்தீங்கன்னா கிளாஸ் கிடையாது, பன் மட்டும் சாப்ட்டுட்டுப் போகலாம். நாளைக்கு ஞாயிறு. வாரம் முழுக்க வீட்டில் சுடுதண்ணீர் இல்லாமலா போயிற்று? காபிக்கும் குளிக்கவும் தினமும்தான் கொதிக்கிறது. பட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றிருக்கிறேன். கொதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று, காபித்தூளைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இப்போது வசுமதி இல்லை. திரும்பிவர இன்னும் நேரம் ஆகும், அந்தத் தையற்காரர் இன்னும் தைத்தே முடித்திருக்க மாட்டார். நாளைக்குக் கடையில் லூசாக ஒரு புதுசு வாங்கி ஷெரிலிடம் காட்டலாம். வீட்டுக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று. இப்படியும் ஒரு யோசனை வருகிறது. ஐம்பத்து நான்கு வயதில் ஒருவனுக்கு இப்படி யோசனை வருகிறது. எனக்கு என்னைப் பார்க்கவே அலுப்பாக இருக்கிறது. பயம்கூட இல்லை, அலுப்புதான். தினமும் ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒரே தெருவில் நடக்கிற அலுப்பு. அண்ணன் கடைசிவரை ஒருதடவைகூட என்னைக் கேட்கவில்லை, உனக்கும் வருமாடா என்று. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பெரும்பாலும் வராது அண்ணே.

எழுந்து போகிறேன். போகிறேன் என்று முடிவு செய்ததாக நினைவில்லை, முழங்கால்தான் எழுந்தது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். பட்டையைக் கழற்ற வரவில்லை, திருகித் திருகி எடுத்தேன், விரலைச் சுற்றி ஒரு வெள்ளைப் பள்ளம், வருஷக்கணக்காகப் போட்ட மோதிரத்தைக் கழற்றியதுபோல. ரத்தம் திரும்பிவருகிறது. முதலில் ஒன்றுமில்லை, பிறகு ஊசி, ஊசி, ஊசி, நுனியிலிருந்து அடிவரை. எனக்கு வேண்டிய எறும்புகள் எல்லாம் கடைசியாக ஒருமுறை ஊர்ந்துவிட்டுப் போகின்றன. தண்ணீர் அடியில் முணுமுணுக்க ஆரம்பிக்கிறது. சின்னச் சின்னக் குமிழ்கள், பெரிய குமிழ்கள். போடு. கரண்டியில் வைத்து இறக்கினேன். எண்ணினேனா என்று தெரியவில்லை. எடுத்தால் அது உயிருள்ள ஏதோ ஒன்றுபோல் குழைந்து கிடக்கிறது, விரலைச் சுட்டது, சுடுவது நன்றாகத் தெரிந்தது, கட்டைவிரலுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது, அதில் இப்போது எல்லா உணர்ச்சியும் இருக்கிறது. விரித்தேன். கொஞ்சம் கூடவே விரித்துவிட்டேனோ. குழாயில் காட்டினேன். இறுகிவிட்டது. மாட்டினால் விரல் அதற்குள் இருப்பதே தெரியாமல், ஆனால் நழுவாமல் நிற்கிறது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள்? சமையலறையில் பிளாஸ்டிக் வேகும் வாசனை. ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

மறுபடி கட்டில் ஓரம், மறுபடி கிதார் மடியில். விரல் ரோஜா நிறத்தில் இருக்கிறது. இனிமேல் இதற்குச் சாட்சி கிடையாது. தவறினால் தவறுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு. தவறியது. முதல் வரிசையிலேயே தவறியது. மறுபடி. நடந்தது, நடந்தது, நான்காம் கம்பிக்குப் பதில் மூன்றாம் கம்பியில் போய் இடித்தது. பட்டை புது அளவில் இருக்கிறது, பழக வேண்டும். பார், அதற்குள் இன்னொரு சாட்சியைத் தேடுகிறேன். மறுபடி தவறியது. உள்ளங்கை வேர்க்கிறது. கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு போன வாரம் இருந்ததைவிட வற்றியிருக்கிறதா? இரண்டு கையையும் சேர்த்துவைத்துப் பார்க்கிறேன். அண்ணனுக்கு அங்கே பள்ளம் விழுந்திருந்தது. வெயில் கோட்டில் காட்டிப் பார்க்கிறேன், வெளிச்சத்தில் எந்தக் கைதான் வற்றினதுபோல் தெரியாது? பக்கத்தில் கிடந்த பேப்பரின் ஓரத்தைக் கிழித்து வலது விரல்களில் பிடித்துக்கொண்டு இடது கையால் இழுத்தேன். வரவில்லை. சந்தோஷப்படுவதற்குள் தெரிந்துவிட்டது, இடது கை இழுக்கவே இல்லை. அது இழுப்பதுபோல் நடித்தது. அதுவும் என் கைதானே, வலது கை தோற்பதை அது எப்படிப் பார்க்கும்? பலமாக இழு என்றேன், பலமாக இழுத்தது, தாள் வந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை வலது கை விட்டுக்கொடுத்ததோ? என் உடம்புக்குள்ளேயே ஒருவரையும் நம்ப முடியவில்லை. கிதாரின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் இன்னும் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தூங்கினேன்போல. விரல் தானாகக் கம்பியில் படுத்திருந்தது.

கதவு திறந்தது. வசுமதி செருப்பை உதறும் சத்தம், பையை மேஜையில் எறியும் சத்தம். நான் எதையோ திருடியவன்போல நிமிர்ந்து உட்கார்ந்து கையைக் கம்பியில் வைத்து ஆரம்பித்தேன். அவள் உள்ளே வருவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது. "என்னங்க நாத்தம் இது? எதைப் போட்டுக் காய்ச்சினீங்க?"

"பிளாஸ்டிக்."

"மத்தியானச் சாப்பாடு பத்தலையா?" அவள் வாசற்படியில் நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "பால் பாத்திரத்துலயா? நல்லா இருக்கு. அந்த ஆள்தான் என் உயிரை எடுத்தான்னா வீட்டுல நீங்க. பாருங்களேன், மூணு தடவை சொன்னேன், கைக்கு முழங்கை வரைக்கும் வேணும்னு. அளவு ரவிக்கை குடுத்திருக்கேன். அதை ஆணியில மாட்டி வெச்சுக்கிட்டு வேற யாரு அளவுக்கோ வெட்டியிருக்கான். ஏங்க இப்படின்னா, இதுதான் இப்ப ஃபேஷன் அக்கான்னு சொல்றான். எனக்கு ஃபேஷன் சொல்றான், அறுபதை நெருங்குறவளுக்கு."

"ஐம்பத்தொண்ணுதானே உனக்கு."

"அவன்கிட்ட அறுபதுன்னுதான் சொன்னேன், கொஞ்சம் இரக்கம் வரட்டும்னு." அவள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். கையில் ஒரு ரசீதை ஆட்டிக்கொண்டிருந்தாள். "இதோ, இதுல அவன் கையாலயே எழுதியிருக்கான், முழங்கைன்னு. இதை எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை போறேன். அவன் பொண்டாட்டி முன்னாடி காட்டுறேன். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. அதுக்கு வளைகாப்பாம் அடுத்த மாசம், என்னையும் வரச் சொல்லுச்சு. சண்டை போட்டுட்டு வளைகாப்புக்கு எப்படிப் போறதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன்."

"சண்டையை வளைகாப்புக்கு அப்புறம் வெச்சுக்கோயேன்."

"அதுக்குள்ள அவன் ஊரு ரவிக்கைக்கெல்லாம் கையை வெட்டிடுவான்." நான் சிரித்தேன். அவள் தையற்காரர் மாதிரியே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக் காட்டிப் பேசினாள், நான் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், தையற்காரரின் மனைவிக்கு எந்த ஊர் என்று கேட்டேன், மணப்பாறை என்றாள், அப்படியானால் வளைகாப்புக்கு முறுக்கு கிடைக்கும் என்றேன். அவள் சட்டென்று, "கொஞ்சம் அந்தக் கையை நிறுத்துங்களேன். பேசிக்கிட்டு இருக்கேன்ல, டும்மு டும்முன்னு," என்றாள்.

கீழே பார்த்தேன். கட்டைவிரல் போய்க்கொண்டிருந்தது. ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு. எப்போதிலிருந்து? அவள் வந்ததிலிருந்தா? ரவிக்கை, முழங்கை, மணப்பாறை, எல்லாவற்றுக்கும் அடியில் அது நடந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பார்த்த மறுகணம் தடுக்கி விழுந்தது. மூன்றாம் கம்பியில் ஒரு பிசிறு. அறை அமைதியாகிவிட்டது. இது போதுமா? போதாது. மனசுக்குத் தெரியும், போதாது. சாட்சி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சாட்சியை நான் தயார் செய்யவில்லை.

"அந்த ரசீதைக் கொடு," என்றேன்.

"எதுக்கு?"

வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கையை அவள் பக்கம் நீட்டினேன். "இழு."

அவள் தாளைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். தையற்காரர் முகம் அவள் முகத்திலிருந்து மெதுவாகப் போயிற்று. அந்த டாக்டர் அறையில் அன்றைக்கு அவளும் இருந்தாள் என்பதே எனக்கு இப்போதுதான் நினைவு வருகிறது, சுவரோரம், அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு.

"இதுக்குத்தான் தினமும் சட்டைப் பொத்தானை ரெண்டு தடவை போட்டுப் பாக்கறீங்களா?" என்றாள்.

நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"நான் நெனச்சேன், பொத்தான் மாறிப் போச்சுன்னு கழட்டறீங்கன்னு. அப்புறம் தினமுமான்னு நெனச்சேன். அப்புறம் கேக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"இழு வசு."

"உங்க அண்ணனுக்கு இருந்த மாதிரி இருக்கா?"

"தெரியலை. அதுக்குத்தான். நடிக்காம இழு. நிஜமாவே."

அவள் கட்டிலைச் சுற்றி வந்து என் எதிரே நின்றாள். ரசீதின் மறுமுனையை இரண்டு விரலால் பிடித்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் முகம் அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்குகிற முகமாக இருந்தது. நான் ஜன்னல் திரையைப் பார்த்தேன். காலண்டரைப் பாருங்க அங்கிள். கையைப் பாக்காதீங்க. இழுத்தாள். ஒரு சத்தம் கேட்டது. அவள் இரண்டு எட்டு பின்னால் போய் அலமாரியில் இடித்துக்கொண்டாள். அவள் கையில் பாதி ரசீது இருந்தது.

அவள்தான் முதலில் கையில் இருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். "முழங்கை உங்க பக்கம் போயிடுச்சு," என்றாள். "இனிமே அவன்கிட்ட நான் எதைக் காட்டுவேன்?" அலமாரியில் சாய்ந்துகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வேர்வையைத் துடைப்பதுபோல நெடுநேரம் துடைத்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை டாக்டரைப் போய்ப் பாத்துட்டு வரலாம். தையக்காரன் அப்புறம்."

"சரி."

"பயம் போச்சா?"

"பெரும்பாலும்," என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், பதிவு ஆபீசில் நான் பிடிப்பது மாதிரியேதான், மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கை, விரலுக்கு மேலே ஒரு கை. "அப்ப விடுங்க," என்றாள். எதை என்று கேட்கப் போனேன். பாதி ரசீது இன்னும் என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. நகம் வெளுக்குமளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தேன். விடு என்று விரலிடம் சொன்னேன். அது உடனே விடவில்லை.